பனியன் கம்பெனில எல்லாருக்கும் இடம் இருக்கணும்னா, லீன் முறைல எங்கிருந்து ஆரம்பிக்கறது?

திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் எந்த ரோட்டுல போனாலும் கம்பெனி கேட்டுல "டெய்லர், செக்கிங், கைமடி தேவை"ங்கற போர்டு வருசம் பூரா தொங்கிட்டேதான் இருக்குதுங்க. ஆளு கிடைக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா போன மாசம் சேந்த ஆளு இந்த மாசம் ஏன் வரலைன்னு உக்காந்து பாக்கறவங்க ரொம்பக் கம்மி. வேலையை விட்டு நின்னுக்கிட்டவங்க பேரை ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க. கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க, ஒடிசா பீகார் ஜார்க்கண்ட்ல இருந்து வந்த பசங்க, காது கேக்காதவங்க, கால் சரியில்லாதவங்க, ஊருக்குள்ள ஒதுக்கி வெச்ச தெருவுல இருந்து வர்ற புள்ளைங்க, இவங்க பேருதான் அதுல அடுத்தடுத்து வரும்.

புதுசா எச்ஆர்ல சேந்தவங்க, வேலை நேரத்தை அளக்கற ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மென்ட்ல ஸ்டாப்வாட்சோட சுத்தற பசங்க, அம்பது அறுபது மெஷின் வெச்சுட்டு எல்லாத்தையும் தானே பாத்துக்கற சின்ன ஓனருங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். துணி வாங்கற பையர் கம்பெனி பண்ற ஆடிட்ல டைவர்சிட்டி, இன்க்ளூசன்னு (பலதரப்பட்ட ஆளுங்களையும் எடுத்து, எல்லாரையும் சேத்துக்கறது) ஒரு பக்கம் வரும், அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியாம மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி வெச்சு போட்டோ எடுத்து ஃபைல்ல சொருகிடறாங்க. போட்டி வெக்கறது தப்பில்லை. ஆனா அதுக்கும் மக்யா நாளு தையல் லைன்ல என்ன நடக்குதுங்கறதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆளுங்க வெளிய போறதுக்கான காரணம் முக்காவாசி வேலை நடக்கற விதத்துலயே இருக்கு, பஸ் நேரத்துல, டீ டைம்ல, யாருக்கு எந்த மெஷின் குடுக்கறோம்கறதுல. வேலை நடக்கற விதத்தைப் பாத்துச் சரி பண்றதுக்குன்னே இருக்கற முறைதான் லீன். அதனால இந்த ரெண்டையும் சேத்துப் பண்றதுதான் சரின்னு நான் உறுதியா நம்பறேன்.

லீன் பத்தி ஆரம்பத்துல தெரிஞ்சுக்க வேண்டியது

டொயோட்டா கம்பெனில தாய்ச்சி ஓனோன்னு ஒருத்தர் இருந்தாரு, அவரும் அவரோட ஆளுங்களும் ரெண்டாம் உலகப்போருக்குப் பொறவு கொஞ்சங்கொஞ்சமா உருவாக்கின முறை இது. லீன்கற பேரு 1988ல ஆராய்ச்சியாளர் ஜான் கிராஃப்சிக் எழுதின கட்டுரைலதான் வந்துச்சு. நம்ம பக்கம் லீன்னா 5எஸ் (இடத்தை ஒழுங்கா வெச்சுக்கறது), தரைல மஞ்சப் பெயிண்ட் கோடு, லைன் பேலன்சிங் (லைன்ல வேலையை சமமாப் பிரிக்கறது), பீஸ் கவுண்ட்டை ஏத்தறது, அவ்வளவுதான்னு ஆயிப்போச்சு. ஆனா 2001ல டொயோட்டா தன்னோட முறையை எழுத்துல வெச்சப்ப ரெண்டு தூணுன்னு சொல்லுச்சு, ஒண்ணு தொடர்ந்து மேம்படுத்தறது, இன்னொண்ணு மனுசங்களுக்கு மரியாதை. அந்த ரெண்டாவதை நம்ம கம்பெனிங்க பெரும்பாலும் கையிலயே எடுக்கலைங்க.

ஓனோ சொன்ன ஏழு வேஸ்ட்ட எல்லாரும் மனப்பாடமா சொல்லுவாங்க, அதிக உற்பத்தி, காத்திருப்பு, தேவையில்லாத போக்குவரத்து அப்படின்னு. பின்னாடி வந்தவங்க எட்டாவதா ஒண்ணு சேத்தாங்க, ஆளுங்ககிட்ட இருக்கற திறமையைப் பயன்படுத்தாம விடறது. பேட்லாக் தையல் மெஷின் ஓட்டத் தெரிஞ்ச பொண்ணை வருசக்கணக்கா கைமடிலயே வெச்சிருந்தா அது வேஸ்ட்தான். இதோட மூரி, முரான்னு இன்னும் ரெண்டு இருக்கு, மனுசன் மேலயோ மெஷின் மேலயோ தாங்க முடியாத சுமையை ஏத்தறது மூரி, வேலை ஒரு நாளைக்கு ஒரு மாதிரி ஏறி இறங்கறது முரா. நம்ம விசயத்துக்கு இந்த ரெண்டும்தான் முக்கியம், ஏன்னா சுமை ஏறும்போதும் வேலை தாறுமாறா வரும்போதும் முதல்ல தாங்க முடியாமப் போறது மேல சொன்ன ஆளுங்கதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ஒரு வாக்கு வாங்குங்க

லீன்ன உடனே லைன்ல இருக்கறவங்க மனசுல வர்றது ஆள் குறைப்பு, இல்லாட்டி பீஸ் ரேட்டைக் குறைக்கறது. அந்த பயம் நியாயமானது, அப்படி நடந்த இடமும் இருக்கு. அதனால "இந்த வேலையால ஒருத்தரையும் நிறுத்த மாட்டோம், யாரோட ரேட்டும் குறையாது"ன்னு ஓனர் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டுல தமிழ்லயும் இந்திலயும் ஒட்டணும், லைன் மீட்டிங்ல அவரே வாயால சொல்லவும் வேணும். அவரு அதுக்கு ஒத்துக்கலைன்னா தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க. உங்களை நம்பிப் பேசின ஆளுக்கு நாளைக்கு ஏதாச்சும் ஆனா அடுத்து பத்து வருசத்துக்கு அந்தக் கம்பெனில எவரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

போய் நில்லுங்க

எடுத்த எடுப்புல மொத்தக் கம்பெனியையும் கையில எடுக்காதீங்க. ஒரு லைன் போதும், இல்லைன்னா செக்கிங் செக்சன் மட்டும் போதும். ஓனோ தன்னோட இன்ஜினியர்களை தரைல சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள மணிக்கணக்குல நிக்க வெச்சுப் பாக்கச் சொல்லுவாராம். நீங்களும் நில்லுங்க, செல்ஃபோனை உள்ள வெச்சுட்டு ஒரு முழு ஷிப்ட் நில்லுங்க. சூப்பர்வைசர் பக்கத்துல நின்னுட்டுப் பாக்காதீங்க, அவரு கண்ணுக்குத் தெரியறதுதான் உங்களுக்கும் தெரியும்.

என்ன தெரியும்னு ஒண்ணு சொல்றேன். நிறைய கம்பெனில பாத்ரூம் போறதுக்கு டோக்கன் வெச்சிருப்பாங்க. சூப்பர்வைசர் மேசை ஓரத்துல ஒரு ஆணி, அதுல கயித்துல கோத்த ஒரு மரக்கட்டை, முப்பது முப்பத்தஞ்சு பேரு இருக்கற லைனுக்கு அந்த ஒரே கட்டைதான். ஒருத்தர் எடுத்துட்டுப் போயி திரும்ப வந்து மாட்டினாத்தான் அடுத்தவங்க எந்திரிக்கலாம். மேசைக்குப் பக்கத்துலயே நாலு ஆம்பளைங்க நின்னு பேசிட்டிருப்பாங்க, அவங்களைத் தாண்டிப் போயித்தான் கட்டையை எடுக்கணும். சித்த நேரம் அங்க நின்னு பாத்தீங்கன்னா ஒரு புள்ளை மூணு தடவை தலையைத் தூக்கி ஆணியைப் பாத்துட்டு, கட்டை இல்லைன்னு திரும்பத் தைக்க ஆரம்பிக்கறது தெரியும். அவங்க மெஷின் பக்கத்துல தண்ணி பாட்டில் இருக்கும், காலைல ரொப்பினது மத்தியானம் வரைக்கும் அப்படியே இருக்கும். பாத்ரூம் போக வேண்டி வரும்னு தண்ணியே குடிக்கறதில்லை. மாதவிடாய் நாள்ல, கர்ப்பமா இருக்கற நேரத்துல இது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நீர்க்கடுப்பு வரும், யூரின்ல இன்ஃபெக்சன் வரும், லீவு போடுவாங்க, ரிஜிஸ்டர்ல "அடிக்கடி லீவு போடற ஆளு"ன்னு எழுதுவாங்க. எந்த சர்வே ஃபார்மைக் குடுத்தாலும் இது அதுல வராது.

லைன் நிக்கக்கூடாதுன்னுதான் டோக்கன் வெச்சாங்க, அந்தக் கவலை நிஜம்தான். அதுக்கு லீன்லயே விடை இருக்கு. ஒவ்வொரு லைனுக்கும் ரெண்டு மூணு மெஷின் ஓட்டத் தெரிஞ்ச ஒரு ரிலீவரை வெச்சா, எந்திரிச்சுப் போறவங்க எடத்துல அவங்க உக்காந்துக்கலாம். டோக்கனை எடுத்துடுங்க. பொம்பளைங்க எந்திரிச்சுப் போறதுக்கு யாருகிட்டயும் சொல்லிட்டுப் போக வேண்டியதில்லைன்னு ஆக்குங்க.

நிக்கும்போது பாக்க வேண்டியது இன்னும் இருக்கு. செக்கிங் டேபிள்ல நாள் பூரா நின்னுட்டே இருக்கறாங்களா? நின்னுட்டே வேலை பாக்கறவங்களுக்கு நடுவுல உக்கார வசதி குடுக்கணும்னு 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்லயே சொல்லியிருந்துச்சு, 2021ல கடைகள்ல வேலை செய்யறவங்களுக்கும் உக்கார சீட்டு குடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்துச்சு, கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடைல நிக்கற புள்ளைங்களுக்கும் அது சேந்ததுதான். அப்புறம் டீ டைம்ல யாரு யாருகூட உக்காறாங்கன்னு பாருங்க. டம்ளர் ஒரே ரேக்ல இருக்குதா, யாராச்சும் தனியா பேப்பர் கப்பு வாங்கிட்டு ஓரமா நிக்கறாங்களா? அது அவங்களா எடுத்துட்ட முடிவா, இல்லை எடுக்க வெச்ச முடிவா? இதைக் கேக்கறதுக்கு சங்கடமாத்தான் இருக்கும். ஆனாலும் பாத்தே ஆகணும்.

கேட்டுல இருந்து மூணாவது மாசம் வரைக்கும் ஒரு படம் போடுங்க

ஃபேப்ரிக் உள்ள வந்து கார்ட்டன் வெளிய போற வரைக்கும் வேல்யூ ஸ்ட்ரீம் மேப் போடுவோமில்லைங்க, அதே மாதிரி ஒரு ஆளு உள்ள வர்ற வழியைப் போடணும். பெரிய சார்ட் பேப்பரை செவுத்துல ஒட்டி, எச்ஆர், ஒரு சூப்பர்வைசர், காண்ட்ராக்டர் ஒருத்தர், லைன்ல இருந்து ரெண்டு மூணு பேரு (அதுல ஒரு ஒடியா பையனும் ஒரு பொம்பளையும் கட்டாயம்) எல்லாரும் நின்னு எழுதுங்க. போர்டைப் பாத்தாங்க, செக்யூரிட்டிகிட்ட கேட்டாங்க, ட்ரையல் பீஸ் தச்சாங்க, ஆதார் ஜெராக்ஸ் குடுத்தாங்க, பேங்க் அக்கவுண்ட், பிஎஃப் நம்பர், இஎஸ்ஐ, ரூம் பாத்தாங்க, முதல் சனிக்கிழமை சம்பளம் வாங்கினாங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ எத்தனை நாள் ஆச்சு, எங்க காத்திருந்தாங்க, எந்த இடத்துல யாரு வெளிய போனாங்கன்னு எழுதணும்.

இதுல மாட்டற எடங்க ஒவ்வொருத்தருக்கும் வேற. கேட்டுலயே செக்யூரிட்டி "இந்திக்காரங்கன்னா காண்ட்ராக்டர் மூலமா வா"ன்னு திருப்பி அனுப்பியிருப்பாரு, அப்ப அந்த ஆளோட கூலில காண்ட்ராக்டர் கமிசன் போகும், அவன் சம்பளம் எவ்வளவுன்னு அவனுக்கே சரியாத் தெரியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு இஎஸ்ஐ சம்பள வரம்பு 21,000 இல்லை, 25,000 ரூபாய், அது எச்ஆருக்கே தெரியாம இஎஸ்ஐ இல்லைன்னு சொல்லியிருப்பாங்க. பிரசவத்துக்குப் போன பொண்ணு திரும்பி வர்ற வழியே படத்துல இருக்காது. 2017ல வந்த திருத்தத்துல இருந்தே 26 வாரம் சம்பளத்தோட லீவு இருக்கு, 50 பேரு வேலை செய்யற இடம்னா குழந்தைக் காப்பகமும் வெக்கணும், ஆனா அந்தக் காப்பகம் பூட்டியே கிடக்கும், ஆடிட் அன்னைக்கு மட்டும் தொறப்பாங்க. பூட்டுனதுன்னே படத்துல எழுதுங்க. நடக்கறதைத்தான் எழுதணும், நடக்கணும்னு நினைக்கறதை இல்லை.

ஏன், ஏன்னு கேட்டுட்டே போங்க

டொயோட்டாவோட அஞ்சு ஏன் முறை எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆளுங்க விசயத்துல முதல் ஏன்லயே நின்னுடறோம். "பொம்பளைங்க நிலைச்சு நிக்க மாட்டாங்க, குடும்பம்னு ஒண்ணு வந்துச்சுன்னா போயிருவாங்க"ன்னு முடிச்சுடுவாங்க. ஒரு உதாரணத்துக்கு இப்படிப் போட்டுப் பாருங்க.

பொம்பளைங்க மூணு மாசத்துக்குள்ள ஏன் நின்னுக்கறாங்க? ஒன்றரை ஷிப்ட் போட்டா வீட்டுக்குப் போக முடியலை. ஏன் போக முடியலை? ராத்திரி எட்டரைக்கு விட்டா குன்னத்தூர், ஊத்துக்குளி பக்கம் கிராமத்துக்குப் போற டவுன் பஸ்சு போயிருது. 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லை, அதை நம்பித்தான் அவ்வளவு தூரத்துல இருந்து வர்றாங்க, அதை விட்டா ஆட்டோவுக்குக் குடுக்கறதுல அன்னைக்கு ஓவர்டைம் காசே போயிரும். சரி, முன்னாடியே தெரிஞ்சா வீட்டுல இருந்து யாராச்சும் வண்டில வந்து கூட்டிட்டுப் போவாங்களே, ஏன் வரலை? ஒன்றரை ஷிப்ட்டுன்னு சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் சொல்றாங்க. ஏன் அஞ்சு மணிக்குச் சொல்றாங்க? காலைல ரெண்டு மணி நேரம் லைன் சும்மா நின்னுச்சு, அதைப் பிடிக்கணும். ஏன் நின்னுச்சு? எலாஸ்டிக்கும் மெயின் லேபிளும் வர்றதுக்கு முன்னாடியே பண்டிலை லைன்ல ஏத்திட்டாங்க.

பாத்தீங்களா, பொம்பளைங்க நிலைக்க மாட்டாங்கன்னு ஆரம்பிச்சது ட்ரிம்ஸ் (எலாஸ்டிக், லேபிள் மாதிரி சாமான்) வராம லோடிங் பண்றதுல வந்து நிக்குது. ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசரும் ஸ்டோர்ஸும் சேந்து "எல்லா ட்ரிம்ஸும் கைக்கு வந்தாத்தான் லோடிங்"னு ஒரு விதி வெச்சா ஓவர்டைமே பாதி குறையலாம், கம்பெனிக்கும் லாபம், ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம் குடுக்க வேண்டியதில்லை பாருங்க. ராத்திரி 7 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் பெண்களை வேலைல வெக்கறதுக்கு சம்மதம், பாதுகாப்பு, வண்டி வசதின்னு சட்டத்துல தனி நிபந்தனைங்க இருக்கு, அதையும் கன்சல்டன்ட்கிட்ட கேட்டுத் தெளிவா வெச்சுக்குங்க.

ஒரு எச்சரிக்கை. கடைசி ஏன் ஒரு மனுசன் பேருல வந்து நின்னா, "சூப்பர்வைசர் சரியில்லை"ன்னு முடிஞ்சா, இன்னும் ஒண்ணு கேளுங்க. அந்த சூப்பர்வைசரும் ஒரு டார்கெட்டுக்குக் கீழ நசுங்கிட்டுதான் இருப்பாரு.

சின்னதா ஒண்ணை மாத்திப் பாருங்க

மாத்தறது ஒரு லைன்ல, ஒரு விசயம், ரெண்டு வாரம். உதாரணமா ஓவர்டைம் உண்டா இல்லையான்னு முந்தின நாள் மத்தியானம் மூணு மணிக்கே போர்டுல எழுதறது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே என்ன மாறும்னு நினைக்கறீங்களோ அதை எழுதி வெச்சுடுங்க, லீவு குறையும், நின்னுக்கறவங்க குறைவாங்கன்னு. ரெண்டு வாரம் கழிச்சு எழுதினதையும் நடந்ததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. சரிவந்தா அதையே விதியாக்கி அடுத்த லைனுக்குக் கொண்டு போங்க, சரிவரலைன்னா ஏன்னு லைன்லயே கேளுங்க. பிளான், டூ, செக், ஆக்ட்னு சொல்றது இதைத்தான். நம்ம ஆளுங்க முதல் ரெண்டையும் ஜோராப் பண்ணிட்டு செக்குல வர்றப்ப ஷிப்மென்ட் அவசரத்துல விட்டுருவாங்க. காலண்டர்ல அந்தத் தேதியை வட்டம் போட்டு ஓனரையும் உக்கார வெச்சுப் பாருங்க.

ஆளு எடுக்கறதுக்கு ஸ்டாண்டர்ட் வொர்க்

ஸ்லீவ் அட்டாச் பண்றதுக்கு எஸ்ஓபின்னு எழுதின வேலை முறை வெச்சிருக்கோம், எத்தனை ஸ்டிச்சு, எத்தனை செகண்டுன்னு. ஆளு எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை. வந்த பையனைப் பாத்து "எந்த ஊரு?"ம்பாங்க, அப்புறம் "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?", "குலசாமி எது?", "என்ன கூட்டம்?". இது எதுக்குக் கேக்கறாங்கன்னு கேக்கறவருக்கும் தெரியும், பதில் சொல்றவனுக்கும் தெரியும். வேலை தெரியுமான்னு பாக்கறதுக்கு முன்னாடியே ஆளு எங்க உக்காரணும்னு முடிவாயிருது, பேக்கிங்குக்கா, டையிங்ல கழிவு அள்ளறதுக்கா, இல்லை கட்டிங் மாஸ்டர்கிட்ட தொழில் பழகறதுக்கான்னு. இந்தக் கேள்விங்க முழுசா போயாகணும்ங்க, இதுல பாதி வழின்னு ஒண்ணு கிடையாது.

அதுக்கு பதிலா என்ன பண்ணலாம்னா, ஒரே பக்கத்துல ஒரு தாள். டெய்லருக்கு ஒரே துணி, ஒரே ஆபரேசன், ஒரே நேரம். தச்ச பீஸுல பேரு இல்லாம நம்பர் மட்டும் ஒட்டி, ஆளை யாருன்னு பாக்காத செக்கர்கிட்ட குடுத்து மார்க் வாங்குங்க. கேக்கற கேள்வி எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். "கல்யாணம் எப்ப?", "குழந்தை பெத்துக்கப் போறியா?" இதெல்லாம் தாள்ல இருக்கவும் கூடாது, கேக்கவும் கூடாது. ஊர்க்காரர் சிபாரிசுல வந்தாலும் அதே தாள்தான். சம்பளமும் அப்படியே, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலின்னு 1976லயே சட்டம் வந்தாச்சு, ஆனா செக்கிங்குல பொம்பளை ரேட்டு ஆம்பளை ரேட்டுன்னு இன்னும் பேசறாங்க. ரேட்டை ஆபரேசனுக்குத்தான் போடணும்.

ஸ்கில் மேட்ரிக்ஸை வேற கண்ணுல பாருங்க

பெரும்பாலான கம்பெனில லைன் பக்கத்துல ஒரு சார்ட் தொங்கும். இடது பக்கம் பேரு, மேல ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், பட்டன், காஜா, ஒவ்வொரு கட்டத்துலயும் கால்வட்டம், அரைவட்டம், முழுவட்டம். அதுல ஒரு காப்பி எடுத்து உங்க டேபிள்ல மட்டும் வெச்சுக்கிட்டு, ஆண், பெண், வெளிமாநிலம், மாற்றுத்திறனாளின்னு கலர் அடிச்சுப் பாருங்க. செவுத்துல ஒட்டிடாதீங்க, அது ஆளுங்களை அடையாளம் காட்டிரும். முழுவட்டம் யாருக்கு அதிகமா இருக்கு, யாரு வருசக்கணக்கா ஒரே கட்டத்துல நிக்கறாங்கன்னு அப்பத் தெரியும். பவர்டேபிளும் (தையல் மெஷின் ஓட்டற இடம்) கட்டிங்கும் ஆம்பளைங்க, செக்கிங்கும் கைமடியும் பொம்பளைங்கங்கறது நம்ம ஊர்ல பழகிப்போன ஏற்பாடு. சம்பளம் ஏறற வழி மெஷின் பழகறதுலதான் இருக்குதுன்னா, யாருக்கு மெஷின் பழகிக் குடுக்கறோம்கறதுதான் இன்க்ளூசன். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், ஷிப்ட் நேரத்துக்குள்ளயே, சம்பளத்தோட. வேலை முடிஞ்சு பழகிக்கன்னா வீட்டுல சோறாக்க வேண்டியவங்க எப்படி நிப்பாங்க?

கண்ணுல தெரியற மாதிரி வைங்க

மெஷின் பிரச்சனைன்னா விளக்கு எரியற ஆண்டான் சிஸ்டம், காது கேக்காத ஆபரேட்டருக்கு ரொம்ப உதவும், கத்திக் கூப்பிட வேண்டியதில்லை பாருங்க. ஆனா ஃபயர் அலாரமும் வெளிச்சம் அடிக்கற மாதிரி இருக்குதான்னு பாருங்க, சத்தம் மட்டும்னா அவங்க உள்ளயே நின்னுருவாங்க. லைன்ல பக்கத்துல இருக்கற பத்து பேராச்சும் அடிப்படைச் சைகைங்களைக் கத்துக்கட்டும். 20 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடம்னா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெக்கணும், தனியார் கம்பெனிக்கும் இது உண்டு. அந்தக் காயிதத்தை எழுதும்போது நீங்க லைன்ல பாத்ததை வெச்சே எழுதுங்க.

வேலை முறையை போட்டோ வெச்சு விளக்குங்க, எழுத்தைத் தமிழ், இந்தி, ஒடியால போடுங்க. சம்பள ரசீதுல எதுக்கு எவ்வளவு பிடிச்சாங்கன்னு அவங்க பாஷைல ஒரு தடவையாவது உக்காந்து விளக்கணும். யோசனைப் பெட்டி வெச்சா எழுதத் தெரிஞ்சவங்கதான் போடுவாங்க, வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பலாம்னு சொல்லுங்க, எந்த பாஷையா இருந்தாலும் சரி. ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு வாரத்துக்குள்ள பதில் குடுங்க, முடியாதுன்னாலும் ஏன்னு சொல்லுங்க.

2023 பிப்ரவரி கடைசி, மார்ச் ஆரம்பத்துல வடமாநிலத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு போலி வீடியோ பரவி நிறைய பேரு பயந்து ஊருக்குக் கிளம்பினாங்க. அந்த மாதிரி ஒரு ராத்திரில ரூம்ல இருக்கற பசங்க யாருக்கு ஃபோன் போடுவாங்க? அவங்க பாஷைல பேசற, அவங்க நம்பற ஒரு ஆளு கம்பெனில இருக்கணும், அந்த ஆளை அவங்களே தேர்ந்தெடுக்கணும்.

பண்டிகையையும் பிளான்ல ஏத்துங்க. தீபாவளி, பொங்கலுக்கு ஷிப்மென்ட்டை முன்ன பின்ன தள்ளறோம், ரத யாத்திரை, துர்கா பூஜை, சத் பூஜை, ஈத், ஹோலிக்கு மட்டும் "சொல்லாமப் போயிட்டான்"னு கோவப்படறோம். ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி புக்கிங் தொறக்கும், தன்பாத் எக்ஸ்பிரஸ்ல அன்னைக்கே போடலைன்னா கிடைக்கறது கஷ்டம். அதனால ரெண்டரை மாசத்துக்கு முன்னாடியே யாரு போறாங்கன்னு கேட்டு லோடிங் பிளான்ல குறைச்சுக்குங்க. வேலையை சமமாப் பரப்பறதுன்னு லீன்ல சொல்றதே இதுதான்.

இதுல மட்டும் ட்ரையல் பாக்காதீங்க

பாலியல் தொல்லை புகார் வந்தா அதுக்கு கைசன் (கொஞ்சங்கொஞ்சமா மேம்படுத்தறது), அஞ்சு ஏன், பைலட் எதுவும் கிடையாது. 2013 சட்டம் என்ன சொல்லுதோ அப்படியே போகணும். 10 பேரு வேலை செய்யற இடம்னா உள்புகார் குழு கட்டாயம், தலைவர் மூத்த பெண் ஊழியரா இருக்கணும், பாதிக்குக் குறையாம பெண்கள், வெளில இருந்து ஒரு உறுப்பினர். சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கலாம், 90 நாள்ல விசாரணை முடியணும். 10 பேருக்குக் கம்மின்னா மாவட்ட அளவுல உள்ளூர்க் குழு இருக்கு. உடனடி உதவிக்கு 181. இந்த நம்பரை பொம்பளைங்க பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, நோட்டீஸ் போர்டுல நின்னு படிச்சா நாலு பேரு பாப்பாங்க. குழு பேரளவுல இருந்தா பத்தாது. 2022ல திண்டுக்கல்ல பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போட்ட ஒப்பந்தத்துல, தொழிலாளிங்கள்ல இருந்தே பயிற்சி குடுத்து லைன்லயே கண்காணிக்கற ஆளுங்களை வெச்சாங்க. சங்கம்னாலே பயப்படற ஓனருங்க அந்த ஏற்பாட்டை ஒரு தடவை படிச்சுப் பாக்கணும், பிரச்சனை பெருசாகறதுக்கு முன்னாடி லைன்லயே நிறுத்தறதுங்கறது லீனோட ஆதாரக் கொள்கைதான்.

சாதி சொல்லித் திட்டறது, திருநங்கைகளைக் கேலி பண்றது, இதுவும் அப்படித்தான். பொறுத்துப் பாக்கற விசயம் இல்லை.

எதை எண்ணறது

மொத்தத்துல எத்தனை சதவீதம் பொம்பளைங்கன்னு எண்ணினா நம்ம ஊர் கம்பெனி எல்லாமே பிரமாதமாத் தெரியும், ஏன்னா செக்கிங் முழுக்க அவங்கதான். அதுக்குப் பதிலா மூணு விசயம் எண்ணுங்க. சேந்து 90 நாளைக்குள்ள யாரு யாரு போனாங்க. போன ஆறு மாசத்துல ரெண்டாவது மெஷின் பழகினவங்க யாரு. சூப்பர்வைசர் ஆனவங்க யாரு. இதுக்கு மேல போர்டு போட்டா யாரும் பாக்க மாட்டாங்க. இதுல டார்கெட் வெச்சு சூப்பர்வைசரை மிரட்டவும் வேண்டாம், அப்புறம் நம்பரை மட்டும் சரி பண்ணிருவாங்க.

காசு எங்க இருந்து

மேல சொன்னதுல முக்காவாசிக்கு செலவே இல்லைங்க. டோக்கனை எடுக்கறதுக்கும் மூணு மணிக்கு போர்டுல எழுதறதுக்கும் என்ன செலவு? கன்சல்டன்ட் வெச்சு முறையாப் பண்ணணும்னா, 2023 மார்ச்ல மத்திய அரசு தொடங்கின சின்ன, நடுத்தரத் தொழில்களுக்கான எம்எஸ்எம்இ காம்பெடிடிவ் லீன் ஸ்கீம் இருக்கு. பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டுன்னு மூணு படி, கன்சல்டன்ட் கட்டணத்துல 90 சதவீதம் அரசாங்கம் ஏத்துக்குது, பெண்களோ எஸ்சி எஸ்டி பிரிவினரோ நடத்தற கம்பெனிக்கு இன்னும் 5 சதவீதம் கூட. உத்யம்ங்கற எம்எஸ்எம்இ அரசுப் பதிவு இருந்தாப் போதும், பேசிக்ல இருந்து ஆரம்பிக்கலாம். கன்சல்டன்ட் வந்து உக்காந்ததும் ரிஜெக்சன் ரிப்போர்ட்டு, லைன் எஃபிசியன்சி ரிப்போர்ட்டெல்லாம் கேப்பாரு, அதுகூடவே அந்த சார்ட் பேப்பர் படத்தையும் 90 நாள் கணக்கையும் சேத்துக் குடுத்து, முதல் ப்ராஜெக்ட்ல ஒண்ணு இதுதான்னு எழுதச் சொல்லுங்க.